எத்தனையாவது ஸ்டேஜ், டாக்டர்?

தேக்காவில் காய்கறி வாங்கிய கையோடு வந்துவிட்டார் அந்த அக்கா. பையிலிருந்து முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. வயது 56, மாதவிடாய் நின்று ஐந்து வருடம். "பத்து வருசமா இருக்கற ஃபைப்ராய்டுதான் டாக்டர், இப்ப கொஞ்சம் பெருசாயிடுச்சு" என்றார்.

அந்தக் 'கொஞ்சம்'தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஃபைப்ராய்டு என்பது கருப்பைத் தசையில் வரும், புற்றுநோய் அல்லாத கட்டி. ஹார்மோனைத் தின்று வளர்வது. மாதவிடாய் நின்றபின் அது சுருங்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை எதுவும் சாப்பிடாத ஒருவருக்கு வளர்ந்தால், தசை போன்ற திசுக்களில் வரும் புற்றுநோயான சார்கோமாவோ என்று யோசிப்போம். பெரும்பாலும் அந்தப் பயம் வீணாகிவிடும், நல்லதுதான்.

சார்கோமாவாக இருந்தால் எத்தனையாவது ஸ்டேஜ் என்றார். பயாப்சியில் தெரிந்துவிடாதா என்றாள் மகள். கருப்பையின் உட்சுவரைச் சுரண்டி எடுக்கும் பயாப்சியில், தசைக்குள் ஒளிந்திருக்கும் கட்டி சிக்காமல் போகலாம். எம்ஆர்ஐ சந்தேகத்தைக் கூட்டும், குறைக்கும், தீர்ப்புச் சொல்லாது. எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் வைத்து, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, எவ்வளவு கோணலாக இருக்கின்றன, திசு செத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் பெயர் வைக்க முடியும். அப்போதும் இந்தப் பக்கமும் சேராமல் அந்தப் பக்கமும் சேராமல் நிற்கும் ரெண்டுங்கெட்டான் கட்டிகள் உண்டு.

சரி, ஸ்டேஜ்? கருப்பைத் தசையில் வரும் சார்கோமாவுக்கு லியோமயோசார்கோமா என்று பெயர். அது கருப்பையைத் தாண்டாமல் இருந்தால் முதல் ஸ்டேஜ். 5 செ.மீ. வரை 1ஏ, அதற்கு மேல் 1பி. கருப்பைச் சார்கோமாவுக்கென்று, மகளிர் மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீகோ தனி அளவுகோல் தந்ததே 2009-ல்தான். அதுவரை உட்சுவர்ப் புற்றுநோயின் அளவுகோலை இரவல் வாங்கி ஒப்பேற்றினோம்.

ஆக, கட்டி முழுசாக வெளியே வர வேண்டும். வேறோர் இடத்தில் ஃபைப்ராய்டு என்று, சின்ன ஓட்டைகள் போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஒருவர், பிறகு என்னிடம் வந்தார். மெஷினால் நறுக்கி எடுத்திருந்தார்கள். ரிப்போர்ட்டில் 'துண்டுகள்' என்று மட்டும் இருந்தது. ஸ்கேலை எங்கே வைப்பது? துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறியிருக்குமோ என்ற கவலை வேறு. 2014-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைத்தான் எச்சரித்தது. ஃபைப்ராய்டு என்று ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்குச் சார்கோமா மறைந்திருக்கலாம் என்பது அதன் கணக்கு. மிகை என்று வாதிடுவோரும் உண்டு.

"ஓட்டை போட்டுப் பண்ணா நாலு நாள்ல எழுந்து சமைக்கலாமாமே?" என்று அக்கா கெஞ்சினார். நான் மசியவில்லை. வயிற்றைத் திறந்தே எடுத்தோம். கட்டி முழுசாக வந்தது: 8 செ.மீ., லியோமயோசார்கோமா, கருப்பைக்குள்ளேயே. நெஞ்சு சிடி சுத்தம்.

1பி. அவர் கேட்டு மூன்று வாரம் கழித்துத்தான் அதைச் சொல்ல முடிந்தது.