யுபிக்குவிட்டின்: எங்கும் இருப்பதா, முத்திரை இடுவதா?

'உபிக்வே' என்றால் இலத்தீனில் 'எங்கும்' என்று பொருள். அதோடு இன்சுலின், கெரட்டின் போன்ற புரதப் பெயர்களில் வரும் 'இன்' ஈறு சேர்ந்து யுபிக்குவிட்டின் என்ற புரதத்தின் பெயர் ஆனது. நேராகத் தமிழாக்கினால் 'எங்கும் நிறைந்தது'.

அப்படித்தான் நானும் பெரியம்மாவிடம் சொன்னேன். அவருக்கு எலும்பு மஜ்ஜையில் மயலோமா என்ற புற்றுநோய். டாக்டர் ஆங்கிலத்தில் விளக்க, பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பது என் வேலை. "எங்கும் நிறைஞ்சதா? அது சாமியில்ல?" என்றார் பெரியம்மா. அவர் கேட்டது சரிதான். தமிழ்க் காதுக்கு அந்தத் தொடர் கடவுளைத்தான் சொல்லும். அன்றிலிருந்து இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் பெயர் வந்த கதை. 1975ல் கிதியோன் கோல்ட்ஸ்டைன் குழுவினர் மாட்டின் தைமஸ் சுரப்பியிலிருந்து ஒரு சிறிய புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். வெறும் 76 அமினோ அமிலங்கள். எந்தத் திசுவில் தேடினாலும் அது இருந்தது. ஆனால் என்ன வேலை செய்கிறது என்று தெரியவில்லை. அதனால் இருக்கும் இடத்தை வைத்தே பெயரிட்டார்கள். அந்த 'எங்கும்' கூட முழு உண்மை இல்லை. பாக்டீரியாக்களில் பொதுவாக இது கிடையாது. கரு உள்ள உயிரணுக்களில்தான் உண்டு. ஆனால் அங்கே அசைக்க முடியாதபடி இருக்கிறது. மனிதருடையதையும் ஈஸ்ட்டுடையதையும் ஒப்பிட்டால் 76ல் மூன்றே இடங்களில்தான் வேறுபாடு.

வேலை என்ன என்பது வேறொரு கேள்வியின் வழியாகத் தெரிந்தது. வயிற்றில் உணவுப் புரதம் செரிக்கும்போது நொதி வெட்டுகிறது, அவ்வளவுதான், ஆற்றல் செலவில்லை. உயிரணுவுக்குள் மட்டும் ஒரு புரதத்தை அழிக்க ஏடிபி என்ற ஆற்றல் நாணயம் ஏன் செலவாகிறது? ஆரன் சீகனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவரும் முயலின் இளம் சிவப்பணுச் சாற்றை வைத்து இதைத் துருவினார்கள். அழிக்கப்படப்போகும் புரதத்தில் ஒரு சிறு புரதம் வந்து ஒட்டுவதைக் கண்டார்கள். அதுதான் யுபிக்குவிட்டின் என்று 1980ல் தெரிந்தது. ஆற்றல் செலவாவது வெட்டுவதற்காக மட்டுமல்ல, எதை வெட்டுவது என்று குறிப்பதற்கும்தான். 2004ல் மூவருக்கும் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

பெரியம்மாவுக்கு இதை சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நிற்கும் சைக்கிள்களை வைத்துச் சொன்னேன். நகர மன்றத்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அள்ளிப் போவதில்லை. யாரும் எடுக்காமல் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்துச் சீட்டுக் கட்டுகிறார்கள். பிறகு வருபவர்கள் சீட்டு உள்ளதை மட்டும் ஏற்றிப் போகிறார்கள். உயிரணுவில் சீட்டுக் கட்ட மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. மூன்றாவதுதான் ஆளைப் பார்த்துத் தெரிந்தெடுப்பது. மனித உடலில் அதற்கு மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்ட வகைகள். ஒரு சீட்டு போதாது. சங்கிலியாகக் கோக்க வேண்டும். அதை அடையாளம் கண்டு, புரதத்தின் மடிப்பை அவிழ்த்து, உள்ளே இழுத்து நறுக்குவது பீப்பாய் வடிவிலான புரோட்டியசோம். 'புரதம் வெட்டும் உடல்' என்பது அந்தப் பெயரின் பொருள். அதைப் புரதச் சிதைப்பகம் என்று சொல்லலாம், இடறல் இல்லை. சீட்டு மட்டும் கழற்றப்பட்டு மறுபடி பயனாகிறது.

சரி, யுபிக்குவிட்டினுக்கு என்ன சொல்வது? முதலில் 'அழிவுச் சீட்டு' என்று எழுதினேன். ஆனால் எல்லா யுபிக்குவிட்டினும் அழிவுக்கு அல்ல. சங்கிலி கோக்கப்படும் விதத்தைப் பொறுத்துச் சில நேரம் செய்தி கடத்துவதற்கும், டிஎன்ஏ பழுது பார்ப்பதற்கும் அது அடையாளமாகிறது. 'குறிப்புரதம்' பொருளில் சரிதான். சேர்த்துப் படித்தால் கண் அதைக் 'குறிப்பு ரதம்' என்று பிரித்துவிடுகிறது. 'சுட்டுப் புரதம்' என்றாலோ சுட்ட புரதமாகிவிடும். கடைசியில் 'முத்திரைப் புரதம்' என்று வைத்துக்கொண்டேன். முத்திரை எதற்கும் குத்தலாம். இந்தச் செயல் முழுவதையும் 'தெரிந்து சிதைத்தல்' என்பேன். தெரிதல் என்ற வினைக்கு ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது என்ற பழைய பொருள் இன்னும் இருக்கிறது. (யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபெல் பெற்றுத் தந்த 'தன்னுண்ணல்' வேறு வழி. அதில் உயிரணு தன் பாகங்களைப் பையில் பொதிந்து, லைசோசோம் என்ற செரிப்புப் பையில் கரைக்கிறது.)

முத்திரை தவறினால் நோய். கருப்பை வாய்ப் புற்றுநோயில் இது கண்கூடு. எச்பிவி கிருமியின் ஒரு புரதம், நம் உயிரணுவின் முத்திரையிடும் நொதி ஒன்றையே பிடித்துக்கொண்டு, புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தின்மேல் முத்திரை குத்த வைக்கிறது. காவலாளியை நம் கையாலேயே வெளியேற்றுகிறது. சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்று மாணவிகளுக்குப் பள்ளி வழியாகப் போடப்படும் தடுப்பூசி இந்தக் கிருமிக்கு எதிரானதுதான். சில பரம்பரைப் பார்க்கின்சன் நோய்களில் பார்க்கின் என்ற முத்திரையிடும் நொதியே பழுது.

பெரியம்மாவின் நோயில் நடப்பது வேறு. மயலோமா அணுக்கள் ஓயாமல் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) தயாரிப்பவை, கழிவும் அதிகம். 2003ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற போர்ட்டெசோமிப் என்ற மருந்து, சிதைப்பகத்தை அடைக்கிறது. கழிவு தேங்கி அந்த அணுக்கள் மடிகின்றன.

"அப்ப என் நல்ல அணுவையும் அடைக்குமா?" என்று கேட்டார் பெரியம்மா. அடைக்கும். அவற்றுக்குச் சுமை குறைவு என்பதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. ஆனாலும் கைகால் மரத்துப்போவது இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்கு முன்பும் டாக்டர் விரல் நுனியைப் பற்றிக் கேட்கிறார் என்று சொன்னேன். அடுத்த முறை நான் மொழிபெயர்க்கும் முன்பே பெரியம்மா இரு கைகளையும் நீட்டிக் காட்டினார்.