அட்லாண்டாவுக்கு 3,400 கிலோமீட்டர் மெட்ரோ வேண்டும்

1990-ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சுமார் 25 லட்சம் பேர், ஸ்பெயினின் பார்சிலோனாவில் சுமார் 28 லட்சம் பேர் இருந்தார்கள். ஆனால் பார்சிலோனா அடங்கியிருந்த இடம் 162 சதுர கிலோமீட்டர், அட்லாண்டா பரந்து கிடந்ததோ 4,280! போக்குவரத்தால் ஓர் ஆளுக்கு வெளியாகும் கார்பன் அட்லாண்டாவில் பல மடங்கு அதிகம். இதற்கு அங்குள்ளவர்களைத் திட்டிப் பயனில்லை, ஊரின் வடிவம் அவர்களுக்கு வேறு வழி வைக்கவில்லை.

சரி, மெட்ரோ கட்டினால் போதாதா? அட்லாண்டாவில் அப்போதே 74 கிலோமீட்டர் மெட்ரோ ஓடியது, பார்சிலோனாவில் 99. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பார்சிலோனாவில் 60 சதவீதம் பேர் ஸ்டேஷனிலிருந்து 600 மீட்டருக்குள் குடியிருந்தார்கள். அட்லாண்டாவில் 800 மீட்டர் வரை எடுத்துக்கொண்டாலும் 4 சதவீதம்தான். நகர ஆய்வாளர் அலென் பெர்டோ கணக்குப் போட்டுப் பார்த்தார்: பார்சிலோனா அளவுக்கு மெட்ரோ மக்களுக்குப் பக்கத்தில் வரவேண்டுமானால் அட்லாண்டாவில் இன்னும் 3,400 கிலோமீட்டர் பாதையும் 2,800 ஸ்டேஷன்களும் கட்ட வேண்டும். எந்த அரசாலும் முடியாது. ஜனம் சிதறிக் கிடக்கும் இடத்தில் ரயிலோ பஸ்ஸோ காலியாகத்தான் ஓடும், காலியாக ஓடுவதை அடிக்கடி விடமாட்டார்கள், அடிக்கடி வராத பஸ்ஸுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள், அப்புறம் எல்லோரும் காரில்தான்.

வீடு ஓரிடம், கடை வேறிடம் என்று பிரித்துவைக்கும் நில விதிகளும் இதில் சேர்கின்றன. பால் வாங்கக்கூட காரை எடுக்க வேண்டியிருக்கிறது.

மக்கள் நெருக்கமாக வாழும் ஊர் என்றதும் வானளாவிய கட்டடங்கள் நினைவுக்கு வரும். அது தேவையே இல்லை, அவற்றுக்கு இரும்பும் சிமெண்டும் ஏராளமாகச் செலவாகி அதிலேயே நிறைய கார்பன் போய்விடும். பார்சிலோனாவின் எய்ஷாம்ப்ளா பகுதிக்கு இல்டெஃபோன்ஸ் செர்தா 1859-ல் திட்டம் போட்டார். இன்று அங்கே பெரும்பாலும் ஆறேழு மாடிக் கட்டடங்கள்தான், தெருவை ஒட்டிக் கடைகள், மேலே வீடுகள். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியிருப்பதால் குளிர்காலத்தில் வெப்பமும் குறைவாகவே வீணாகிறது.

மின்சார கார் வந்தால் புகை குறையும், நல்லதுதான். தூரம் குறையாது. தனித்தனி வீட்டைச் சூடாக்கும் செலவும், போட்டுக்கொண்டே போக வேண்டிய சாலைகளும் அப்படியே இருக்கும்.

இப்போது அட்லாண்டா சுமார் 35 கிலோமீட்டர் பழைய ரயில் வளையத்தை நடைபாதையாக மாற்றிவருகிறது, அதையொட்டி அடுக்குமாடிகளும் எழுகின்றன. எனக்கு இதில் ஒரே கவலை வாடகைதான், அது ஏறினால் வசதியில்லாதவர்கள் ஊர் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு முன்பைவிட அதிக தூரம் கார் ஓட்ட வேண்டியிருக்கும்.