முறுக்கு அவிழாத இறால் கயிறு

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். மகனுக்கு 14 வயது. சின்னதிலிருந்தே இறால் தொக்கு என்றால் உயிர். போன மாதம் அதே தொக்கைச் சாப்பிட்ட பத்தாவது நிமிடம் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு. இத்தனை வருஷம் ஒத்துக்கொண்டது இப்போது ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர் கேள்வி.

இது ஒவ்வாமை. உடல் ஏதோ ஒரு நாளில் ஒரு புரதத்தைப் பகையென்று குறித்துவைத்து, அதற்கென்றே ஐஜிஇ எனும் எதிர்ப்பொருளைச் செய்கிறது. அன்றைக்கு வெளியே ஒன்றும் தெரியாது. தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள்மேல் அந்த எதிர்ப்பொருள்கள் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். செல்லுக்குள்ளே ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் பொட்டலம் பொட்டலமாக.

இறாலில் அப்படிக் குறிக்கப்படுவது பெரும்பாலும் டிரோப்போமயோசின் என்ற தசைப் புரதம். என்னை மிகவும் வியக்கவைக்கும் புரதம் இது. 284 அமினோ அமிலம் கொண்ட இரண்டு இழைகள், மாட்டைக் கட்டும் தாம்புக் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கும். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு பழையபடி நீராவதில்லை. இந்தக் கயிறோ சூட்டில் முறுக்கு அவிழ்ந்தாலும், ஆறியதும் தானாகவே திரும்ப முறுக்கிக்கொள்ளும்! எவ்வளவு வேகவைத்தாலும், வெயிலில் காயவைத்தாலும் அதன் குணம் போகாது. கத்தரிக்காய்க் குழம்பில் வாசத்துக்குப் போட்ட ஒரு பிடி சென்னாக்கூனியே, அந்தக் காய்ந்த பொடி இறாலே, ஒவ்வாமையைக் கிளப்பப் போதும்.

ஒற்றை எதிர்ப்பொருளைத் தொட்டால் மாஸ்ட் செல் அசையாது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டையாவது ஒரே புரதம் சேர்த்துக் கட்ட வேண்டும். இந்தக் கயிற்றின் நீளம் முழுக்கப் பிடி கொடுக்கும் இடங்கள் இருப்பதால் கட்டு எளிதில் விழுகிறது. நிமிடங்களில் பொட்டலங்கள் திறந்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்து கசிகின்றன, மூச்சுக்குழாய் இறுகுகிறது.

கரப்பான்பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் ஏறக்குறைய இதே கயிறு உண்டு. ஆகவே சிலருக்கு இறால் மீதான பகை பாய்த் தூசியிலேயே தொடங்கியிருக்கலாம்.

நம் கிராமங்களில் தடிப்பு வந்தால் காணாக்கடி என்று வேப்பிலை அடித்து மந்திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெறும் தடிப்பு தானாகவே அடங்கிவிடும், பெயர் மந்திரத்துக்குப் போகும். மூச்சு இழுக்கிற நாளில் மந்திரிப்பதில் போகும் அரைமணி நேரம் ஒரு பிள்ளையின் உயிர். எனக்கு இதில் சமாதானமே கிடையாது.

அன்றைக்கு வேண்டியது அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அது தளர்ந்த குழாய்களை இறுக்கும், இறுகிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும், மாஸ்ட் செல் மேலும் கொட்டுவதையும் குறைக்கும். செட்ரிசின் மாத்திரை அரிப்பைத்தான் நிறுத்தும். 108-ஐக் கூப்பிட்டு, பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும், நடக்க விடாதீர்கள். தேறிய பிறகும் சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரலாம் என்பதால் உடனே வீடு திரும்ப வேண்டாம். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. மருந்தோ மலிவானது, குப்பியில் எல்லா மருத்துவமனையிலும் இருப்பது. அதை மலிவான பேனாவாக்கும் ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, அந்த அம்மாவின் சமையலறைக்கு வருவோம். நண்டிலும் இதே கயிறுதான், அதுவும் வேண்டாம். மீனில் ஒவ்வாமை தருவது பெரும்பாலும் பார்வால்புமின் என்ற வேறு புரதம். ஆகவே சங்கரா மீன் ஒத்துக்கொள்ளக்கூடும், ஆனால் பரிசோதித்து மருத்துவர் சொன்ன பிறகே. இறால் கொதிக்கும் ஆவிகூடச் சிலருக்கு ஆகாது, அடுப்படியில் பையன் நிற்க வேண்டாம். பாக்கெட் உணவில் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட்டாக வேண்டும். சந்தையில் அள்ளிக் கொடுக்கும் கருவாட்டுப் பொடியில் யாரும் எழுதி ஒட்டுவதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கல்யாண வீட்டில் இறால் கிண்டிய கரண்டி சாம்பாருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறால் வறுத்த எண்ணெயில் பொரித்த அப்பளமும் அவனுக்குக் கூடாது.