அமினோ அமில ரிப்போர்ட்: மெஷினுக்கு வருவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

"மெஷின்ல பண்ற டெஸ்ட்தானே டாக்டர், தப்பா வருமா?" பிறவி நோய்களைக் கண்டுபிடிக்க, ரத்தத்தில் உள்ள அமினோ அமிலங்களை (புரதத்தின் அடிப்படைக் கூறுகள்) அளக்கவென்று பச்சிளங்குழந்தைக்கு ரத்தம் எடுக்கும்போது பெற்றோர் கேட்கும் கேள்வி இது. மெஷினை நம்பலாம். 1958-இல் ஸ்பேக்மேன், ஸ்டைன், மூர் ஆகியோர் உருவாக்கிய தானியங்கி முறையை ஒட்டிய கருவிகள் இன்றும் ஓடுகின்றன. அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, தோன்றும் ஊதா நிறத்தை 570 நானோமீட்டரில் அளக்கும். புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் மஞ்சளாக வரும், அவற்றை 440-இல் பார்க்கும்.

என் கவலையெல்லாம் அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றித்தான். ட்யூபில் எடுத்த ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜ் பண்ணாமல் (வேகமாகச் சுழற்றி அணுக்களைப் பிரிக்காமல்) மேசையிலேயே வைத்துவிட்டால் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் குறையும், குளுட்டமேட் என்ற இன்னொன்று ஏறும். சிவப்பணுக்கள் உடைந்தால் இன்னும் சிக்கல். அவற்றுக்குள் இருக்கும் அர்ஜினேஸ் என்ற நொதி வெளியே வந்து அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை ஓர்னிதினாக மாற்றிவிடும். அந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பவருக்குக் குழந்தையிடம் இல்லாத நோயின் மேல் சந்தேகம் வரும். அதனால்தான் பிளாஸ்மா (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவம்) லேசாக ரோஸ் நிறத்தில் இருந்தாலும் வேறு ரத்தம் கேட்கிறோம். குழந்தையை மறுபடி குத்த வேண்டுமே என்று எங்களுக்கும் மனசு கஷ்டம்தான், ஆனால் வேறு வழியில்லை.

குதிகாலில் குத்தி அட்டையில் சொட்டு வைக்கும் பரிசோதனையில் நேரம் முக்கியம். கருவில் இருக்கும்வரை கூடுதல் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைத் தாயின் உடலே கழித்துவிடுகிறது. அது குழந்தையின் ரத்தத்தில் சேர்வதற்குள், பிறந்து 24 மணி நேரம் ஆகும் முன்பே எடுத்தால், அதை உடல் சரியாகக் கையாள முடியாத ஃபினைல்கீட்டோன்யூரியா என்ற பிறவி நோய் பரிசோதனையில் சிக்காமல் போகலாம். அட்டையைச் சோதிக்கும், மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் டேன்டம் மாஸ் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. லியூசின், ஐசோலியூசின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டும் ஒரே எடை, வழக்கமான முறையில் அந்தக் கருவியால் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. 'லியூசின் அதிகம்' என்று வந்தால் அடுத்த பரிசோதனையில் அதே குடும்பத்தைச் சேர்ந்த அலோஐசோலியூசின் இருக்கிறதா என்று தேடுவோம். அது கூடியிருந்தால் இந்த அமினோ அமிலங்களை உடைக்க முடியாத மேப்பிள் சிரப் நோய் உறுதி. இந்த நோயில் குழந்தை முதல் வாரத்திலேயே பால் குடிக்காமல் சோர்ந்துவிடும். லேபிலிருந்து போன் வந்தால் 'ஞாயிறு கழித்துப் போகலாம்' என்று இருக்காதீர்கள், அன்றே கிளம்புங்கள்.

அப்புறம், ரத்தத்தோடு லேபுக்கு வரும் படிவம். பாதிக் கட்டங்கள் காலியாகவே வருகின்றன. ஃபிட்ஸுக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்து கொடுத்தால் கிளைசின் என்ற அமினோ அமிலம் ஏறும். ரத்தக் குழாய் வழியாக அமினோ அமிலம் ஏறும் அதே லைனில் ரத்தம் எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே கூடிக் காட்டும். கடைசியாகப் பால் கொடுத்த நேரம், மருந்துகள், ட்ரிப்ஸ், பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா என்பது, நான்கையும் நர்ஸிடம் நீங்களே சொல்லி எழுத வையுங்கள்.