கண்டி நகரின் நடுப்பகுதியும் நடையின் இயற்பியலும்

கண்டி நகரின் நடுப்பகுதியைச் சீர்செய்ய வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வீதியை அகலமாக்குவது, மாடி மாடியாக வாகனத் தரிப்பிடம் கட்டுவது, மேம்பாலம் போடுவது ஆகிய யோசனைகளே முதலில் வந்து நிற்கின்றன. ஆனால் கண்டியின் நிலஅமைப்பு இவற்றுக்கு அதிகம் இடம் கொடுப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தில் நகரம் அமர்ந்திருக்கிறது. பேராதனைப் பக்கமும் கட்டுகஸ்தோட்டைப் பக்கமும் தென்னக்கும்புறப் பக்கமுமாக வந்து சேரும் வீதிகள் எல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ளேயே சந்திக்கின்றன. அதற்குள் இருப்பதோ மன்னர் காலத்தில் வகுக்கப்பட்ட நேர்வீதிகள். 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ள நகரம் என்பதால் அவற்றின் ஓரக் கட்டடங்களை இடித்துத் தள்ளவும் முடியாது. வீதியின் அகலம் மாறாத ஓர் எண் என்று வைத்துக்கொண்டு, அந்த அகலத்துக்குள் எதை ஓடவிட்டால் அதிகம் பேர் போய்ச் சேர்வார்கள் என்று கேட்பதே இங்கு பொருத்தமான கேள்வி.

அதற்கு நகரப் போக்குவரத்து அறிவியலில் தெளிவான விடை இருக்கிறது. 3 மீற்றர் அகலமுள்ள ஒரு நகரவீதித் தடத்தில், சந்திகளையும் சமிக்ஞை விளக்குகளையும் கணக்கில் எடுத்தால், சொந்த வாகனங்கள் மட்டும் ஓடும்போது ஒரு மணித்தியாலத்தில் 600 முதல் 1,600 பேர் வரைதான் கடக்க முடியும். அதே 3 மீற்றரை நடைபாதையாக விட்டால் 8,000 பேருக்கு மேல் கடக்கலாம். கார் ஒன்று நிற்கும்போதே பத்துச் சதுர மீற்றருக்குக் குறையாத இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஓடத் தொடங்கியதும் பாதுகாப்பான இடைவெளிக்காக அதைப் போலப் பல மடங்கு இடம் கேட்கிறது. நடப்பவருக்கு அப்படியொரு தேவை இல்லை. எசல பெரஹெரத் திருவிழா இரவுகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு இதே ஒடுங்கிய வீதிகளில் இலட்சக்கணக்கான மக்கள் வந்து நின்று பார்த்துத் திரும்புவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். கண்டி வீதிகளின் உண்மையான கொள்ளளவு அந்த இரவுகளில்தான் வெளிப்படுகிறது.

வாகனங்களை முழுவதுமாக விரட்டிவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. கோபன்ஹேகன் நகரின் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் என்னும் கணிதவியலாளர் 1909இல் தொடங்கிவைத்த, காத்திருப்பை ஆராயும் வரிசைக் கோட்பாடு இங்கு ஒரு நல்ல செய்தியைத் தருகிறது. அதன் மிக எளிய வடிவத்தின்படி, ஒரு சந்தி தன் கொள்ளளவில் பாதியளவு நிரம்பியிருக்கும்போது காத்திருக்கும் நேரம் 1 என்று கொண்டால், 90 சதவீதம் நிரம்பும்போது அது 9 ஆகிறது. 95 சதவீதத்தில் 19 ஆகிறது. நெரிசல் படிப்படியாக வருவதில்லை, விளிம்பை நெருங்கும்போது திடீரென்று பாய்ந்து வருகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், 95 சதவீதம் நிரம்பிய சந்தியில் ஏறத்தாழ இருபது வாகனங்களில் ஒன்றைக் குறைத்தாலே காத்திருப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும் என்று விளங்கும். பாடசாலை விடுமுறை தொடங்கியதும் நகரம் சட்டென்று இலகுவாகிவிடுவதன் காரணம் இதுவே. நகரின் நடுவிலும் அதைச் சுற்றியும் இத்தனை பெரிய பாடசாலைகள் இருக்கும்போது, ஒரே நேரத்தில் வந்து குவியும் வான்களில் ஒரு பகுதியைப் பாடசாலைப் பஸ்களாக மாற்றினால் கிடைக்கும் பயன், புதிய பாலம் ஒன்றால் கிடைப்பதைவிடக் குறைவாக இராது.

தரிப்பிடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வரும் வாகனங்களே நெரிசலின் கணிசமான பங்கு என்பதைக் காட்டிய அமெரிக்கப் பொருளியலாளர் டொனால்ட் ஷூப், வீதியோர இடங்களில் நூற்றுக்கு 85 மட்டும் நிரம்பியிருக்கும்படி கட்டணத்தை நிர்ணயிக்கச் சொன்னார். எப்போதும் ஓரிரு இடங்கள் காலியாக இருந்தால் தேடல் நின்றுவிடும்.

பள்ளத்தாக்கு நகரத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் காற்று. தெளிந்த வானமுள்ள இரவில் மலைச்சரிவின் தரை தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. அதைத் தொட்டிருக்கும் காற்றும் குளிர்ந்து அடர்த்தியாகிச் சரிவு வழியே கீழிறங்கி, மழைநீர் குளத்தில் தேங்குவதுபோல் பள்ளத்தில் தேங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்றடுக்கு ஒரு மூடியாக அமைந்துவிடுகிறது. வழக்கமாக உயரே போகப் போகக் குறைய வேண்டிய வெப்பநிலை இங்கே கூடுவதால் இதை வெப்பநிலைத் தலைகீழாக்கம் என்கிறார்கள். சூரியன் ஏறித் தரையைச் சூடாக்கும் வரை அந்த மூடி கலையாது. ஆகவே காலை 7 மணிக்கு ஒரு பஸ் விடும் புகை, அதே பஸ் பிற்பகல் 2 மணிக்கு விடும் புகையைவிட மிக அதிகமாக மக்களின் மூச்சில் கலக்கிறது. பிள்ளைகள் பாடசாலைக்கு நடந்து போகும் நேரமும் அதுதான். பஸ் நிலையங்களில் எஞ்சினை இயக்கியபடியே நிறுத்தி வைப்பதைக் காலை வேளையில் மட்டுமாவது கட்டாயமாகத் தடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். செலவு ஏதுமில்லாத சீர்திருத்தம் இது.

இனி நடையைப் பார்ப்போம். மலைநாட்டில் தூரத்தை மீற்றரில் மட்டும் அளப்பது பிழை. புவியியலாளர் வால்டோ டொப்ளர் 1993இல் வெளியிட்ட சூத்திரத்தின்படி, சமதரையில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீற்றர் வேகத்தில் நடப்பவர், நூறு மீற்றருக்குப் பத்து மீற்றர் உயரும் ஏற்றத்தில் 3.5 கிலோமீற்றர் வேகத்துக்கு இறங்கிவிடுகிறார். இருபது மீற்றர் உயரும் ஏற்றத்தில் 2.5 கிலோமீற்றர்தான் இயலும். மிக வேகமான நடை சமதரையிலன்று, நூற்றுக்கு ஐந்து என்ற மெல்லிய இறக்கத்தில் கிடைக்கிறது. இந்தக் கணக்கைக் கண்டி வரைபடத்தின் மேல் வைத்தால் ஓர் உண்மை தெரிகிறது. புகையிரத நிலையம், மத்திய சந்தை, மணிக்கூட்டுக் கோபுரம், ஏரிக்கரை, தலதா மாளிகை ஆகியவை அநேகமாகச் சமதரையில், ஏறத்தாழ ஒரு கிலோமீற்றருக்குள் அமைந்திருக்கின்றன. இந்த மலையகத்தில் அப்படியொரு சமதரை கிடைப்பது பெரும் பேறு. ஹட்டனிலோ பதுளையிலோ கடைவீதியை விட்டு விலகினாலே ஏற்றம் தொடங்கிவிடும். கண்டியின் அந்த ஒரு கிலோமீற்றரில் நடைபாதை இடையில் அறுபடாமல், வடிகான் மூடி உடையாமல், வீதியைக் கடக்குமிடங்களில் காத்திருப்பு நீளாமல் இருந்தால், பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரும் தூரத்துக்கு யாரும் முச்சக்கர வண்டி பிடிக்க மாட்டார்கள்.

ஏற வேண்டிய இடங்களில் படிக்கட்டு வேண்டும். தோட்டத்து ரோடு வளைந்து வளைந்து போக, தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து மலைக்கு நேரே ஏறும் குறுக்குப் பாதையில் படி வெட்டியிருப்பதை மலையகத்தார் எல்லோரும் அறிவார்கள். படிக்கும் ஒரு கணிதம் உண்டு: 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் புளொண்டெல் வகுத்த விதியின்படி, ஒரு படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி அதன் ஆழத்தைக் கூட்டினால் ஓர் அடிவைப்பின் நீளம் வர வேண்டும். இன்று அதை 60 முதல் 65 சென்ரிமீற்றர் என்று கொள்கிறார்கள். உயரம் 15, ஆழம் 33 என்று கட்டினால் கூட்டுத்தொகை 63 ஆகிறது. இதைவிட முக்கியமானது, எல்லாப் படிகளும் ஒரே உயரமாக இருப்பது. முதல் சில படிகளிலேயே கால் உயரத்தைக் கற்றுக்கொண்டு, பிறகு பார்க்காமலே ஏறுகிறது. இடையில் ஒரு படி ஓரிரு சென்ரிமீற்றர் மாறினாலும் தடுக்கி விழ நேரும். மழைக்காலப் பாசியும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். சக்கர நாற்காலியில் வருவோருக்குப் படி உதவாது. அவர்களுக்கு உயரத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு நீளமான சாய்தளம் அமைக்க வேண்டும்.

மழையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒக்டோபர், நவம்பர் பிற்பகல்களில் இடியுடன் 50 மில்லிமீற்றர் மழை கொட்டினால் ஒரு ஹெக்டெயர் நிலத்தில் 500 கனமீற்றர் நீர் விழுகிறது. புல்வெளி அதில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். தாரும் கொங்கிரீட்டும் ஏறத்தாழ முழுவதையும் வடிகானுக்கு அனுப்பிவிடும். நடப்பவருக்கு மழை மறைப்பும் வேண்டும். 1822இல் வகுக்கப்பட்ட சிங்கப்பூர் நகரத் திட்டம் ஒவ்வொரு கடையும் தன் முகப்பில் குறிப்பிட்ட அகலத்துக்குக் கூரையிட்ட நடைபாதை விட வேண்டும் என்று விதித்தது. கண்டியில் இனிக் கட்டப்படும் கடைகளுக்கும் அப்படி விதிப்பதில் தவறில்லை.

ஏரியிலிருந்து வழியும் நீர் மெத எல என்னும் ஓடையாக நகரைக் கடந்து மகாவலியில் சேர்கிறது. கழிவு கலந்து கிடக்கும் அந்த ஓடையை ஒரு வடிகானாகவே நாம் நடத்திவந்திருக்கிறோம். தென்கொரியாவின் சியோல் நகரம் 2003 முதல் 2005 வரை ஒரு மேம்பால நெடுஞ்சாலையையே இடித்து, அதன் கீழ் மூடிக்கிடந்த சொங்கேசொன் ஓடையை ஏறத்தாழ 6 கிலோமீற்றர் நீளத்துக்குத் திறந்துவிட்டது. கோடையில் அதன் கரை அயல் வீதிகளைவிடச் சில பாகை குளிர்ந்திருக்கிறது. நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்வதே அதற்கு ஒரு காரணம். மெத எலவைத் தூய்மையாக்கி அதன் கரையோரம் நிழல்மரங்களுடன் நடைபாதை அமைத்தால், ஏரியிலிருந்து ஓடை மகாவலியைச் சேரும் கெட்டம்பே வரை வாகனமில்லாத ஒரு வழி உண்டாகும். ஓடை இறங்கும் திசையில் நடப்பவருக்கு, டொப்ளர் சூத்திரம் விரும்பும் மெல்லிய இறக்கமும் அங்கேயே கிடைத்துவிடும்.

வெளிநாட்டவருக்கும் உள்நாட்டுப் பயணிகளுக்கும் கவர்ச்சியான இடங்கள் கண்டியில் ஏராளம். அவற்றை இணைக்கும் வழிதான் இல்லை. மாளிகைக்குப் பின்னால் உடவத்தகலை வனம், முன்னால் சுற்றளவு 3 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஏரி, நடந்து போகும் தொலைவில் 1876இல் கட்டப்பட்ட பழைய போகம்பறைச் சிறை, கட்டுக்கலைப் பிள்ளையார் கோவில் என்று எல்லாம் அருகருகே இருந்தும், பெரும்பாலானோர் மாளிகையை வணங்கிவிட்டு வான் வண்டியில் ஏறிப் பேராதனைப் பூங்காவுக்குப் போய்விடுகிறார்கள். 1998ஆம் ஆண்டுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மாளிகை முன்வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது பாதுகாப்புக்காகவே. அந்த வாகனங்கள் ஏரிக்கரை வீதிக்குத் திருப்பி விடப்பட்டதால் அங்கே நடப்பவரின் நிம்மதி போயிற்று. ஒரு வீதியை மூடும்போது அதன் வாகனங்கள் எங்கே போகும் என்பதற்கு விடை வேண்டும். நகரின் நுழைவாயில்களில் வாகனங்களை நிறுத்தி, அங்கிருந்து சில நிமிடத்துக்கு ஒன்றாகச் சிறு பஸ்களை ஓடவிடுவதே அந்த விடை என்பது என் கருத்து. மாநகர சபை அதற்கு முன்னோட்டமாக, ஒரு வேலைநாளில் சந்திகளைக் கடக்கும் வாகனங்களை விட்டுவிட்டு மனிதர்களை எண்ணட்டும். தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்து போகும் நோயாளியும் அந்தக் கணக்கில் ஒருவராக வருவார்.