உற்பத்தித்திறன்: சொல்லும் பொருளும்

கடலூர் மாவட்ட வேளாண் செய்திகளில் ‘உற்பத்தி’, ‘உற்பத்தித்திறன்’ என்ற இரண்டும் அடுத்தடுத்து வரும். முன்னது மொத்தம், அதாவது எத்தனை டன் நெல் விளைந்தது என்பது. பின்னது விகிதம், ஒரு எக்டேருக்கு எவ்வளவு என்பது. பொருளியலார் எக்டேரை எடுத்துவிட்டு அங்கே ஓர் ஆளையோ அவரது ஒரு மணி நேரத்தையோ வைக்கிறார்கள். வகுக்கும் எண் மாறியதைக் கவனியாதவர்கள், “இந்தியாவில் உற்பத்தித்திறன் குறைவு” என்று படித்ததும் “நம் ஆட்கள் சோம்பேறிகள்” என்று பொருள்கொள்கிறார்கள். உழைப்பவரை இழிவுபடுத்தும் பிழை இது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பாருங்கள். கையாலும் காலாலும் இயக்கும் சிறு பொறியில் ஒவ்வொரு கொட்டையாக வைத்து வெட்டுகிறார்கள். வியட்நாமில் அந்த வேலையைப் பெரும்பாலும் தானியங்கிப் பொறிகள் செய்கின்றன. அங்கே ஆளுக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு உயர்ந்து நிற்கக் காரணம் பொறி. இந்தப் பெண்களின் உழைப்பில் குறை எதுவும் இல்லை.

ஆனால், பொறி மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-இல் அமெரிக்காவின் 1909 முதல் 1949 வரையிலான கணக்கை ஆராய்ந்தார். ஒரு மணி நேர உழைப்பின் பலன் கூடியதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் கூடுதல் மூலதனத்தால் வந்தது. மிச்சத்தை அவர் தொழில்நுட்ப மாற்றத்தின் கணக்கில் வைத்தார். அறிவு, ஒழுங்கமைப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். மும்பை அருகே துணி ஆலைகளில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு நல்ல சான்று. சரக்கை ஒழுங்காக அடுக்குவது, பழுதைப் பதிவு செய்வது போன்ற நிர்வாக முறைகளைக் கற்பித்ததும் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது.

துறைக்குத் துறையும் உற்பத்தித்திறன் வேறுபடும். இந்தியத் தொழிலாளரில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் வேளாண்மையில் இருந்தும், நாட்டு வருமானத்தில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. நாற்று நடுபவரின் மகன் நெய்வேலிச் சுரங்கத்தில், சக்கரத்தில் பொருத்திய வாளிகளால் மண்ணை அள்ளும் எந்திரத்தை இயக்கினால், ஒரே வீட்டில் இரண்டு வேறு உற்பத்தித்திறன்கள்.

வேலை நேரத்தை நீட்டினால் ஆள் கணக்கு உயரும். மணிக் கணக்கு உயராது. 1936 ஜூலை 30 அன்று, வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டுப் போராடிய புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். அந்தப் போராட்டத்தின் விளைவாகவே பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது. ஆகவே, நேரத்தை நீட்டி உயர்த்த முடியாத மணிக் கணக்கே நேர்மையான அளவுகோல் என்பது என் துணிபு.

இனிச் சொல்லுக்கு வருவோம்: ‘உற்பத்தித்திறன்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச்சொல் எது? ஆங்கிலத்தின் ‘புரொடக்டிவிட்டி’, புதுச்சேரியின் பழைய ஆட்சிமொழியான பிரெஞ்சின் ‘புரொடுக்டிவித்தே’ இரண்டுக்கும் மூலம், ‘முன்னே கொண்டுவருதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. உற்பத்தி வடசொல்; தோன்றுதல், பிறத்தல் என்பது பொருள். தமிழில் குறள் ‘தள்ளா விளையுள்’ (731) என்று நாட்டின் குன்றாத விளைச்சலைச் சொல்கிறது. அதன்வழி ‘விளைதிறன்’ என்பது நிலத்துக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் இலங்கைத் தமிழில் அச்சொல், நினைத்த பயனை எய்தும் திறத்துக்கு வழங்கிவருகிறது. ‘ஆக்கத்திறன்’ என்றால் படைப்பாற்றல் என்று மயங்குவார்கள். ஆளுக்கும் ஆலைக்கும் ‘ஆக்குதிறன்’ என்பதே என் தேர்வு. ஆக்குதல் எல்லோருக்கும் தெரிந்த வினை. அதில் பிறந்த ஆக்கம் செல்வத்தையும் குறிக்கிறது.

எடுத்துக்காட்டு: புதிய பொறி வந்தபின் ஆலையின் ஒரு மணி நேர ஆக்குதிறன் கூடியது, வேலை நேரம் கூடவில்லை.