வீதியோரக் கிணறுகள்

நெல் வாங்க வரும் வியாபாரி மூட்டையை அவிழ்ப்பதில்லை. நுனி கூரான இரும்புக் குழாய் ஒன்றைச் சாக்கில் குத்தி இழுப்பார். உள்ளங்கையில் விழும் நெல்லை ஊதுவார், ஒன்றைப் பல்லில் வைத்துக் கடிப்பார். ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இலங்கையின் வடக்கே, பரந்தன் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு நின்றேன். மூட்டையின் வாய்ப்பக்கம் ஒரு குத்து, அடிப்பக்கம் ஒரு குத்து, பிறகு அடுக்கின் பின்வரிசைக்குப் போய் இன்னொன்று. முன்வரிசையில் நல்ல நெல்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

எனக்கு அது தெரியாமல் போன காலம் ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காகக் கிணறுகள் பற்றிய கணக்கெடுப்பில் வேலை செய்தேன். கேள்வி லேசானது: உங்கள் கிணறு வருடத்தில் எத்தனை மாதம் வற்றிக்கிடக்கும்? நாளுக்கு 15 வீடு முடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியோரமாகவே போனேன். பூட்டிய வீடென்றால் பக்கத்து வீட்டில் கேட்டேன். நாய் நின்றால் படலையைத் திறக்கவில்லை. "எங்கட கிணறு வத்தாது தம்பி" என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். படிவங்களும் நிறைந்தன.

காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பவர் யார்? கடை வைத்திருப்பவர், ஓய்வூதியம் எடுப்பவர். கூலிவேலைக்குப் போனவர் இருக்கமாட்டார். அவர்களில் பலருடைய காணி உள்ளுக்கு, வாய்க்கால் தண்ணீர் எட்டாத மேட்டில். அதாவது, நான் தவறவிட்ட வீடுகளும் வற்றுகிற கிணறுகளும் ஒரே இடத்தில் இருந்தன. இதைத்தான் பக்கச்சார்பு என்கிறார்கள். இதே முறையில் 3,000 படிவம் நிரப்பியிருந்தாலும் பிழை குறைந்திருக்காது. பிழையின் மேல் நம்பிக்கைதான் கூடியிருக்கும்.

எல்லோரையும் கேட்காமல் சிலரை மட்டும் தெரிந்து கேட்பதை மாதிரி என்பார்கள். எழுமாற்று மாதிரி என்றால் கண்ணில் பட்டதை எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியே தலைகீழ். எல்லா வீடுகளையும் பட்டியலிட்டு இலக்கமிட்டு, எந்த இலக்கம் என்பதைக் குலுக்கலிடம் விடுவதுதான் எழுமாற்று. விழுந்த வீடு பூட்டியிருந்தால் திரும்பப் போக வேண்டும். மாலையில் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். பக்கத்து வீடு பதிலுக்கு ஆகாது.

சரி, எத்தனை வீடு போதும்? எளிய எழுமாற்று மாதிரியில் 400 பேரிடம் கிணறு வற்றுமா என்று கேட்டால், ஆம் என்பவர்களின் சதவீதம் 100 தடவையில் 95 தடவை உண்மையிலிருந்து ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிக்குள் நிற்கும். அந்த 5-ஐப் பாதியாக்க 800 போதாது, 1,600 வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், 2012 கணக்கில் 113,510 பேர் இருந்த கிளிநொச்சி மாவட்டத்துக்கும், இரண்டு கோடிப் பேர் இருந்த முழு நாட்டுக்கும் அதே 400 கிட்டத்தட்ட அதே துல்லியத்தைத் தரும். சட்டியில் காய்ச்சினாலும் அண்டாவில் காய்ச்சினாலும் ஒடியல் கூழுக்கு உப்புப் பார்க்க ஒரு அகப்பைதானே. கலக்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு எல்லாம் சேர்ந்த வன்னி கலக்கிய கூழ் அல்ல. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் ஒரு மாதிரி, மானாவாரிக் காணி இன்னொரு மாதிரி, முல்லைத்தீவுக் கடற்கரை வேறொரு உலகம். ஆகவே முதலில் இப்படிப் படைகளாக, அதாவது தன்மை ஒத்த தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் குலுக்குவார்கள். அலைச்சலும் செலவும் கூடினால், சில கிராம அலுவலர் பிரிவுகளை மட்டும் குலுக்கி எடுத்து, அவற்றுக்குள் வீடுகளைத் தெரிவார்கள்.

இதற்கெல்லாம் அடித்தளம் பட்டியல். அதில்தான் வன்னிக்குப் பெரிய ஓட்டை இருந்தது. 1981-க்குப் பிறகு முழு நாட்டிலும் குடிசன மதிப்பு நடந்தது 2012-ல்தான். 2001-ல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எண்ண முடியவில்லை. இடையில் சனம் எத்தனை தடவை இடம்பெயர்ந்தது! பட்டியலில் பேர் இருக்கும், ஆள் கனடாவில். மரத்தடியில் குடும்பம் இருக்கும், பட்டியலில் பேர் இராது.

பதில்கள் வந்த பிறகு அவற்றைச் சுருக்கிச் சொல்லும் வேலை. எல்லோருக்கும் பிடித்தது இடை, அதாவது கூட்டிப் பங்கிட்ட சராசரி. 2019 குடும்ப வருமான ஆய்வில் இலங்கைக் குடும்பமொன்றின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபா. ஆனால் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பதன் வருமானம், அதாவது இடையம், 53,333 ரூபாதான். மேல்தட்டில் உள்ள கொஞ்சப் பேர் சராசரியைத் தூக்கிவிடுகிறார்கள். வருமானம், காணி என்று வந்தால் நான் முதலில் இடையத்தைத்தான் தேடுவேன்.

இரண்டுமே பரம்பலை, அதாவது எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதைக் காட்டாது. வருடம் 1,200 மில்லிமீற்றர் மழை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 என்பது இடை. எந்த விவசாயியிடமாவது சொல்லிப் பாருங்கள், சிரிப்பார். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்க்கும், ஆனி ஆடியில் ஒரு துளியும் இராது. தரவுகள் இடையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அளப்பது நியம விலகல். அது பெரிதாக இருக்கும் இடத்தில் இடையை மட்டும் சொல்வது பாதிப் பொய்.

மேலாளர் என் படிவங்களைத் திருப்பித் தந்து, குலுக்கிய இலக்கங்களைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு வீட்டுக்கு மூன்றாவது தடவை போனபோது இரவு ஏழு மணி. கச்சான் பிடுங்கிவிட்டு வந்த அம்மா முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார், ஒரு செம்புத் தண்ணீரில், சிந்தாமல்.

"ஆடி பிறந்தா வத்தீடும் தம்பி. பிறகு மழை வரும்வரைக்கும் பள்ளிக்கூடத்துக் கிணத்திலதான் அள்ளுறம்."

படிவத்தில் 3 என்று எழுதினேன்.